நூற்று நாற்பதாம் பக்கத்தில் நிற்பவருக்கு

கேள்வி:

ஐயா, எனக்கு 24 வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆச்சி, அம்மா இரண்டு பேருமே தீப்பெட்டி ஆபீஸில் உழைத்தவர்கள். ஆச்சி போன வருஷம் தவறிப்போனார். அவர் சொன்ன கதைகளை வைத்து ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். 140 பக்கம் வந்திருக்கிறது. நாலு மாதமாக அதற்கு மேல் ஒரு வரிகூட ஓடவில்லை.

சென்னையில் உதவி இயக்குநராக இருக்கும் என் சித்தி மகன் அதைப் படித்தார். "நாவலையெல்லாம் யார் படிக்கப் போறா? ஐந்நூறு பேர் வாங்குனாலே பெரிசு. இதைத் திரைக்கதையா மாத்து. எனக்குத் தெரிஞ்ச டைரக்டர் ஒருத்தர் இந்த மாதிரி மண் சார்ந்த கதை தேடிட்டிருக்கார். முழுசையும் டைப் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பு, நான் பேசுறேன்" என்கிறார். சினிமா எனக்கும் உயிர். அம்மா மட்டும், "நம்ம வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று பயப்படுகிறார்.

இந்த வயதில் நான் எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டையும் எழுத முடியாதா? வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரலாமா? முதல் பத்துப் பக்கத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவலை முடியுங்கள். திரைக்கதையைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். வேலையை விடாதீர்கள்.

உங்கள் அண்ணன் உங்களுக்குக் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. தங்கை எழுதியதை உட்கார்ந்து படித்தாரே, அதுவே பெரிய விஷயம். தனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து அவர் பேசுகிறார். அந்த உலகத்தில் எழுதுகிறவருக்கு என்ன இடம் என்பதை இருபது வருஷத்துக்கு மேல் உள்ளேயும் வெளியேயும் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து நான் பேசுகிறேன்.

நாவலாசிரியரா, திரைக்கதை ஆசிரியரா என்று கேட்கிறீர்கள். இரண்டும் அக்கம்பக்கத்தில் இருக்கிற இரண்டு கடைகள் மாதிரி உங்களுக்குத் தெரிகிறது. ஆனால் தமிழில் திரைக்கதை ஆசிரியர் என்று ஒரு தனி வேலை அநேகமாக இல்லை. ஒரு காலத்தில் எழுதுகிறவருக்குப் பெரிய இடம் இருந்தது. 'கண்ணகி'க்கு (1942) எழுதிய இளங்கோவன், 'பராசக்தி'க்கு (1952) எழுதிய மு. கருணாநிதி போன்றவர்களின் பெயரைப் பார்த்தே கொட்டகைக்குக் கூட்டம் வந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் ஒரே பெயருக்கு மேலே டைட்டில் கார்டில் வருவது வழக்கமாகிவிட்டது. இன்றும் பெரும்பாலான இயக்குநர்கள் தங்கள் படத்தைத் தாங்களே எழுதுகிறார்கள். வெளியிலிருந்து வரும் எழுத்தாளருக்குத் திறந்திருப்பவை இரண்டு வாசல்கள். ஒன்று வசனம், இன்னொன்று இயக்குநரோடு உட்கார்ந்து கதை பேசும் டிஸ்கஷன் அறை. வசனம் எழுதக் கூப்பிடுவது ஏற்கெனவே பெயர் வாங்கிய எழுத்தாளரை. பெயர் இல்லாதவருக்கு மிஞ்சுவது அறைதான்.

ஆகவே 24 வயதில் நீங்கள் திரைக்கதையைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னால், நடைமுறையில் அதற்கு இயக்குநராவதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அர்த்தம். உதவி இயக்குநராகச் சேர வேண்டும். கிளாப் அடிக்க வேண்டும், கன்டினியூட்டி பார்க்க வேண்டும், நடிகர் போன காட்சியில் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தார் என்று நினைவு வைத்திருக்க வேண்டும், நூறு பேரை வேலை வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அருமையான வேலை அது. அதில் மனசு இருக்கிறவர்கள் அதைத் தவிர வேறு எதிலும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள். உங்கள் கடிதத்தில் சினிமா உயிர் என்று ஒரு வரி இருக்கிறது. ஆச்சியைப் பற்றி 140 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தோடு வேலை செய்கிற ஆசை உங்களுக்கு இருக்கிறதா, அல்லது ஆச்சியை யாராவது பார்க்க வேண்டும் என்கிற ஆசை இருக்கிறதா? இதை நீங்கள்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிஸ்கஷன் அறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். சாலிகிராமத்தில் அப்படி ஓர் அறையில் மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் பத்து மணிக்குப் போனால் இரவு வரை பேச்சு. ஆளுக்கொரு காட்சி சொல்வோம். நல்லது வந்தால் இயக்குநர் நோட்டில் குறித்துக்கொள்வார். மதியச் சாப்பாடு, டீ, என்றைக்காவது பேட்டா. அங்கே நான் கற்றது ஏராளம், அதை மறுக்க மாட்டேன். ஒரு நாள் காட்சி ஒன்று நகராமல் நின்றபோது, எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரு கிழவியைப் பற்றிச் சொன்னேன். அவள் நடை, அவள் வெற்றிலைப் பை, கடன் கேட்டு வருகிறவனிடம் அவள் பேசுகிற தினுசு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்துப் படம் வந்தது. கிழவி அப்படியே திரையில் நடந்தாள். டைட்டிலில் என் பெயர் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. பெயர் போனதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்தக் கிழவியை ஒரு நாவலுக்காக வைத்திருந்தேன். படத்துக்குப் பிறகு அவளை எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அந்த நடிகையின் முகம்தான் வந்தது. இன்றுவரை அவளை நான் எழுதவில்லை.

உங்கள் ஆச்சிக்கு அது நேரக் கூடாது.

நாவலை முதலில் முடிக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்குச் சான்று உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. கரிசல் காட்டின் எழுத்தாளர் பூமணி 'வெக்கை' நாவலை 1982-ல் வெளியிட்டார். வெற்றிமாறன் அதை 'அசுரன்' என்று படமாக்கியது 2019-ல். இடையில் 37 வருஷம். அத்தனை வருஷமும் அந்த நாவல் யாருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை. ஆயிரம், ஐந்நூறு என்று வாசகர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள், மறுபதிப்பு வந்தது, கல்லூரி மாணவர்கள் ஆய்வு செய்தார்கள். நாவலாக அது 1982-லேயே முழுமையான பொருள். இதையே பூமணி 1982-ல் திரைக்கதையாக எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 வருஷத்தில் பூச்சி அரித்திருக்கும். படமாகாத திரைக்கதையை யாரும் படிப்பதில்லை. கட்டாத வீட்டின் வரைபடம் அது; அதில் யாரும் குடியிருக்க முடியாது.

படம் நாவலை என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 'வெக்கை' பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் தோளில் நிற்கிற கதை. கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் மொத்த நாவலும். படம் அப்பனை நடுவில் வைத்தது, அவருக்குச் சிவசாமி என்ற பெயரையும் நீண்ட கடந்த காலத்தையும் கொடுத்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய நடிகரை வைத்துப் பெரிய திரைக்கு எடுக்கும்போது அந்தக் கதை அப்படி மாற வேண்டியிருந்தது, படமும் தன்னளவில் வலுவாகவே நின்றது. ஆனால் சிதம்பரத்தின் கதை என்னவென்று தெரிந்துகொள்ள இன்றும் புத்தகம் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக நிற்க முடிந்ததற்குக் காரணம், புத்தகம் முதலில் முடிந்திருந்தது. அதே பூமணி தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தைத் தானே எழுதி இயக்கியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கதையைத் திரையில் ஒருவர் எப்படிக் கண்டார் என்பதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது நீங்கள் அனுப்பிய பத்துப் பக்கத்துக்கு வருகிறேன். அதில் என்னை நிறுத்திய இடம், ஆச்சிக்கு மழை பிடிக்காது என்று நீங்கள் எழுதியிருப்பது. ஊரே மழைக்கு ஏங்குகிற கரிசல் பூமி. அங்கே ஒரு கிழவி மட்டும் வானம் கறுத்தால் முகம் சுளிக்கிறாள். மழை வந்தால் குச்சி காயாது, ஒட்டிய பெட்டி காயாது, அன்றைக்குக் கூலி இல்லை. அதே நேரம் அவள் அண்ணன்மார்களுக்குக் கம்பும் பருத்தியும் விளைய மழை வேண்டும். கோயிலில் எல்லாரும் மழை கேட்டுக் கும்பிடும்போது ஆச்சியும் கைகூப்பி நிற்கிறாள், என்ன வேண்டினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஒரு பத்தி போதும், நீங்கள் எழுத்தாளர் என்று சொல்ல.

ஆச்சிக்கு மழை பிடிக்காது என்பதை நாவலில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டீர்கள். நாற்பது வருஷத்து மழையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிட்டது. திரைக்கதையில் 'ஆச்சிக்கு மழை பிடிக்காது' என்று எழுத முடியாது. எழுதினால் இயக்குநர் கேட்பார்: இதை நான் எப்படிக் காட்டுவது? நடு ராத்திரியில் ஆச்சி எழுந்து வாசலுக்கு வருகிறாள். காற்றை மோந்து பார்க்கிறாள். தூங்குகிற பேத்தியை எழுப்பாமல், காய வைத்த பெட்டிகளை ஒவ்வொரு தட்டாக உள்ளே இழுக்கிறாள். கடைசித் தட்டை இழுக்கும்போது முதல் துளி விழுகிறது. பக்கத்து வீட்டில் யாரோ சந்தோஷமாகக் கூவுகிறார்கள். ஆச்சி கதவைச் சாத்துகிறாள். வசனம் வேண்டாம். அழகான காட்சிதான். ஆனால் கோயிலில் ஆச்சி என்ன வேண்டினாள் என்ற கேள்வி அதில் வராது. அதற்குக் கண்ணை மூடிக் கைகூப்பிய ஒரு முகத்தைத்தான் காட்ட முடியும். மிச்சத்தை நடிகை தர வேண்டும், பாடலோ பின்னணி இசையோ தர வேண்டும். அதில் எதுவும் உங்கள் கையில் இல்லை.

இன்னொன்று, நாவலில் 'ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது' என்று எழுத உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. படப்பிடிப்பில் அந்த வரிக்குத் தண்ணீர் லாரி வேண்டும், மழைக் குழாய் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், இரவு வேலைக்கு எல்லாருக்கும் கூடுதல் பேட்டா வேண்டும். தயாரிப்பு நிர்வாகி வந்து, "மழை இல்லாம எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்பார். உங்கள் கதையிலோ மழைதான் வில்லன். திரைக்கதை எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் அடுத்தவர் பணத்தைச் செலவழிக்கிறார். அதனாலேயே அந்த வரியைத் திருத்த அடுத்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. முதல் புத்தகம் எழுதுகிற வயதில், தன் குரல் எது என்றே இன்னும் பிடிபடாத வயதில், அத்தனை பேர் கை அதில் படுவது நல்லதில்லை.

இரண்டையும் எழுத முடியாதா என்று கேட்டீர்கள். முடியும். மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் வாழ்ந்து காட்டினார். 'நாலுகெட்டு' நாவல் 1958-ல் வந்தது. முதல் திரைக்கதை 'முறைப்பெண்ணு' 1965-ல். அதற்குப் பிறகு திரைக்கதைக்காக நான்கு தேசிய விருதுகள், இலக்கியத்துக்காக ஞானபீடம். அங்கே அவருடைய திரைக்கதைகளைப் புத்தகமாக அச்சிட்டு வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள். தமிழில் சுஜாதா, பாலகுமாரன், ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் என்று நீளமான வரிசை இருக்கிறது. பாலகுமாரனின் பெயரை 'நாயகன்' (1987) வசனத்தோடு எல்லாருக்கும் தெரியும். அதற்குள் அவர் பத்திரிகைத் தொடர்களால் பல வீடுகளுக்குள் போய்விட்டவர். ஜெயமோகனின் 'ரப்பர்' 1990, 'விஷ்ணுபுரம்' 1997. சினிமாவுக்கு அவர் எழுத வந்தது 2005-ல். அதன் பிறகு 'அங்காடித் தெரு', 'பாபநாசம்', 'பொன்னியின் செல்வன்' என்று எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 26 நாவல்களாகவும் எழுதி முடித்தார்.

இந்தப் பெயர்களில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். எல்லாருக்கும் புத்தகம் முதலில், சினிமா பிறகு. பெரும்பாலும் சினிமா அவர்களைத் தேடி வந்தது. தேடி வந்தவரிடம் நிபந்தனை பேச முடியும், பிடிக்காவிட்டால் எழுந்து வரவும் முடியும். வாய்ப்புத் தேடிப் போகிறவருக்கு அந்த இரண்டும் கிடையாது.

ஜெயகாந்தனை மட்டும் தனியாகப் படிக்கச் சொல்வேன். 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதில் அம்மா எடுத்த முடிவை அவள் எடுக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதற்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருது. பிறகு பீம்சிங் இயக்கிய படத்துக்கு அவரே திரைக்கதை வசனமும் எழுதினார், படம் 1977-ல் வந்தது. ஒரே விதை, மூன்று வடிவம், மூன்றையும் எழுதியது ஒரே கை. மூன்றையும் அடுத்தடுத்து படித்தும் பார்த்தும் முடித்தால், எது எங்கே விடுபட்டது, எது எங்கே கூடியது என்று யாரும் சொல்லித்தராமலே உங்களுக்குப் புரியும். இதோடு புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) பாருங்கள். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலில் காளியின் கையைப் புலி பறிக்கிறது, மகேந்திரனின் படத்தில் லாரி. புலியைப் படமாக்குவதன் சிரமம் மட்டும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வின்ச் ஓட்டுகிறவனின் கை இயந்திரத்திடம் போவது அந்தப் படத்தின் உலகத்துக்கு இன்னும் நெருக்கம். திரைக்கதை என்பது இப்படி யோசிப்பது.

வேலையை விடுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரி. ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியர். மாதச் சம்பளம் அவர்கள் எழுத்தைக் காப்பாற்றியது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966-ல் விட்டார். எழுதி மட்டுமே வாழ்வது என்று முடிவெடுத்து, அதற்கு உரிய கஷ்டத்தையெல்லாம் பட்டார். அந்த ஸ்டுடியோ வருஷங்கள் நமக்குக் 'கரைந்த நிழல்கள்' நாவலைத் தந்தன. புதுமைப்பித்தன் சினிமாவுக்குள் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறாது. 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனேக்குப் போனார், காசநோய் முற்றித் திரும்பினார், 1948-ல் 42 வயதில் போய்விட்டார். நோய்க்குச் சினிமாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைசி வருஷங்களில் அவர் எழுதாமல் போன கதைகளை நினைக்காமலும் இருக்க முடியாது.

பணக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். 300 ரூபாய் புத்தகம், பத்து சதவீத ராயல்டி, அண்ணன் சொன்ன அதே ஐந்நூறு பிரதி: பதினைந்தாயிரம் ரூபாய். இரண்டு வருஷ உழைப்புக்கு இது கூலியே இல்லை. சினிமா கொடுத்தால் இதைவிடப் பல மடங்கு கொடுக்கும். ஆனால் அந்தக் 'கொடுத்தால்' என்ற சொல்லை நம்பி மாத வாடகை கட்ட முடியாது. அட்வான்ஸ் வரும், படம் தள்ளிப்போகும், தயாரிப்பாளர் மாறுவார், மிச்சம் வராது. ஐந்நூறு வாசகர்கள் என்பதையும் அண்ணன் சொன்ன மாதிரி சின்னதாக எண்ணாதீர்கள். உங்கள் கிராமத்தில் மொத்தம் எத்தனை வீடு? அத்தனை வீட்டிலும் ஒருவர் உங்கள் ஆச்சியை வரி வரியாகத் தெரிந்துவைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது பற்றி: தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த இயக்குநர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு கோப்பு நாலு பேர் கைக்குப் போன பிறகு எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதிய வடிவத்தைத்தான் காக்கும், வெறும் யோசனையைக் காக்காது. தீப்பெட்டி ஆபீஸில் உழைத்த கிழவியின் கதை என்பது யோசனை, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. உங்கள் 140 பக்கம்தான் உங்கள் சொத்து. 2018-ல் 'சர்கார்' படத்தின் கதை யாருடையது என்று எழுந்த விவகாரத்தில், உதவி இயக்குநர் ஒருவர் பல வருஷங்களுக்கு முன்பே எழுத்தாளர் சங்கத்தில் தன் கதையைப் பதிந்து வைத்திருந்ததுதான் அவருக்குப் பிடிமானமாக இருந்தது. விஷயம் நீதிமன்றம் வரை போய், படத்தில் அவர் பெயரைச் சொல்ல ஒப்புக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தப் பதிவைவிட உறுதியான சான்று, தேதியோடு அச்சான புத்தகம்.

புத்தகம் வந்த பிறகு யாராவது படமாக்கக் கேட்டால், சந்தோஷமாகப் பேசுங்கள். எழுத்தில் பேசுங்கள். எந்த மொழிக்கு, எத்தனை வருஷத்துக்கு உரிமை கொடுக்கிறீர்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். வெப் தொடருக்கும் மறுஆக்கத்துக்கும் தனியாகப் பேச வேண்டும். டைட்டிலில் மூலக்கதை என்று உங்கள் பெயரும் நாவலின் பெயரும் வர வேண்டும். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் இடம்பெறும் எழுத்துக்கு, கொட்டகைத் திரையிடல் தவிர்ந்த மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியின் பங்கை எழுதியவர் விட்டுக்கொடுக்கவே முடியாது. 'எல்லா உரிமையையும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டேன்' என்று ஒரு பத்திரத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உங்கள் ஆடிட்டருக்கே நல்ல வழக்கறிஞர் யாரையாவது தெரிந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்று. 140-ஆம் பக்கத்தில் ஏன் நின்றது? திரைக்கதையாக மாற்றினால் ஓடும் என்று உங்களுக்கு ஒரு நம்பிக்கை இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஓடாது. நாவலில் 140-ஆம் பக்கத்தில் வந்த அதே வெற்றிடம் திரைக்கதையில் இடைவேளைக்கு அடுத்த காட்சியில் வந்து நிற்கும். என் அனுமானம் இது: ஆச்சி சொன்ன கதைகள் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டன. இதுவரை காதில் விழுந்ததை எழுதினீர்கள், அதனால் வேகமாக வந்தது. இனி எழுத வேண்டியது ஆச்சி சொல்லாமல் விட்டது. கோயிலில் என்ன வேண்டினாள் என்பது மாதிரி. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாவல் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, முதல் நாவல் எழுதுகிற எல்லாரும் பயந்து நிற்கிற இடமும் இதுதான்.

இங்கே சினிமாக்காரர்களிடமிருந்து ஒரு வேலையைக் கடன் வாங்கலாம். சீன் ஆர்டர் போடுங்கள். மிச்சக் கதையில் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கு மங்கலாகவாவது தெரிந்ததை, ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஒரு காட்சி என்று இரண்டு வரியில் எழுதுங்கள். யார், எங்கே, என்ன செய்கிறார். என்ன நினைக்கிறார் என்பது வேண்டாம். தரையில் பரப்பி வைத்து இடம் மாற்றிப் பாருங்கள். எந்தக் காகிதத்தில் யாரும் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களோ அதை எடுத்துவிடுங்கள். இரண்டு காகிதத்துக்கு நடுவில் பெரிய ஓட்டை தெரிந்தால், அங்கேதான் நீங்கள் நின்றுபோயிருக்கிறீர்கள். இதற்கு உங்கள் அண்ணனைக் கூப்பிடுங்கள். உதவி இயக்குநர்களுக்கு இது கை வந்த வேலை, அவருக்கும் தங்கைக்குப் பயன்பட்ட நிறைவு இருக்கும்.

அந்த ஓட்டையை நிரப்பக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நம்ம வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லணுமா என்று அம்மா கேட்டாரே, எந்த விஷயத்தை மனதில் வைத்துக் கேட்டார்? அவரும் அதே தீப்பெட்டி ஆபீஸில் உழைத்தவர். அவர் கதையை உங்களிடம் யாரும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் பேனாவையும் உள்ளே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அவர் வேண்டாம் என்கிற எதையும் எழுத மாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். நாவல் முடிந்ததும் கைப்பிரதியைத் தபாலில் அனுப்புங்கள். முழுவதும் படித்துப் பதில் எழுதுகிறேன்.